கடலை நோக்கி நகர்ந்த கிள்ளான் துறை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள கிள்ளான் நகரில், ஆற்றின் தென்கரையில், ரயில் நிலையத்திலிருந்து எளிதில் நடந்து செல்லக்கூடிய தூரத்தில், 1850-களில் ராஜா அப்துல்லா என்னும் பூகிஸ் வம்சத்துத் தலைவர் கட்டிய பழைய பண்டகசாலை ஒன்று இன்றும் நிற்கிறது. உள்நாட்டிலிருந்து ஆற்று வழியே இறங்கிவந்த ஈயத்தையும், சுரங்கத்தாருக்காக மேலே அனுப்பவேண்டியிருந்த உணவுப் பொருள்களையும், அவற்றைக் காப்பதற்கு வேண்டிய வெடிமருந்தையும் ஒரே கூரையின் கீழ் சேமித்து வைத்த கட்டடம் அது. இன்று அதன் வாயிலில் நின்று பார்ப்பவருக்குக் கப்பலும் தெரியாது, கடலும் தெரியாது. துறைமுகம் எங்கே என்று வழியில் போகிறவரைக் கேட்டால், எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் மேற்கே கையைக் காட்டுவார். ஊரின் பெயரைத் துறைமுகம் சுமந்துகொண்டிருக்க, ஊரோ துறைமுகத்தை இழந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இத்தகைய விலகல் தமிழருக்குப் புதியதன்று. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் தூர்ந்து, இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராகக் கிடக்கிறது. அதன் வர்த்தகம் காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. ஒரு துறைமுகத்தின் சரித்திரத்தை ஓர் ஊரின் சரித்திரமாக எழுதப் புகுவோர், கொற்கையின் கதையைக் கொற்கையோடும் தூத்துக்குடியின் கதையைத் தூத்துக்குடியோடும் முடித்துவிடுகின்றனர்; ஆற்றின் சரித்திரமாக எழுதினால்தான் இரண்டும் ஒரே கதை என்பது புலனாகும். கிள்ளானைப் பற்றியும் அவ்வாறே எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கொற்கையில் இயற்கை தானாகச் செய்த காரியத்தைக் கிள்ளானில் ஈயமும், ரயிலும், கப்பலின் ஆழமும் சேர்ந்து மிகக் குறுகிய காலத்தில் செய்துமுடித்தன.

முதலில் பூகோளத்தைப் பார்ப்போம். கிள்ளான் ஆறு தீபகற்பத்தின் நடுமலைத் தொடரில், இன்றைய கோலாலம்பூருக்கு வடகிழக்கே தோன்றி, ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கோலாலம்பூரின் நடுவே, ஜாமெக் பள்ளிவாசல் நிற்கும் முனையில், கோம்பாக் ஆறு அதனுடன் சேர்கிறது. அதன் வடிநிலம் சுமார் 1,288 சதுர கிலோமீட்டர் மட்டுமே. காவிரியைக் கண்ட கண்ணுக்கு இது ஒரு கால்வாயாகத் தோன்றலாம். ஆயினும் இந்தச் சிறு ஆற்றுக்கு இரண்டு பாக்கியங்கள் வாய்த்தன. ஒன்று, அதன் மேற்பகுதியில் மலையடிவாரத்து வண்டல் படிவுகளில் ஈயத்தாது செறிந்து கிடந்தது. மற்றொன்று, அதன் முகத்துவாரத்திற்கு எதிரே கெத்தாம் தீவு, கிள்ளான் தீவு, இன்று இண்டா தீவு எனப்படும் லுமுட் தீவு ஆகியவை கண்டல் காடுகளோடு வரிசையாக நின்று, திறந்த கடலின் அலையைத் தடுத்து, உட்புறத்தில் ஆழமும் அமைதியும் கூடிய ஒரு நீரிணையை உண்டாக்கியிருந்தன. ‘சுமத்ரா’ என்று மாலுமிகள் அழைக்கும் பின்னிரவுச் சூறைக்காற்று மேற்கிலிருந்து சீறிவரும்போதும் இந்தத் தீவுகளுக்குப் பின்னால் கப்பல் கட்டிக்கிடக்கலாம். இங்கே பேரோதக் காலத்தில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஏறக்குறைய நான்கு மீட்டர். ஆகவே மரக்கலங்கள் ஏறும் வெள்ளத்தோடு ஆற்றுக்குள் புகுந்து, வடியும் வெள்ளத்தோடு வெளியேற முடிந்தது. காற்றும் துடுப்பும் மட்டுமே துணையாக இருந்த காலத்தில் இதைவிடப் பெரிய வசதி வேறென்ன வேண்டும்?

கரையும் எப்போதும் இன்றிருக்கும் இடத்தில் இருந்ததில்லை. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்ததாகவும், பின்னர் அது தாழ, ஆறுகள் கொணர்ந்த சேற்றால் இந்தக் கரைச்சமவெளி உருவாயிற்று என்றும் நிலவியலார் கூறுவர். ஆதலால் கிள்ளான் மேடு ஒரு காலத்தில் கடலுக்கு இன்னும் அணுக்கமாக இருந்திருக்கவேண்டும். சேற்றுச் சமவெளியில் உறுதியான மேட்டுநிலம் கிடைப்பது அரிது. ஆற்றின் வளைவை நோக்கி நிற்கும் இந்தக் குன்றுகள்தாம் பிற்காலத்தில் கோட்டைக்கும் அரண்மனைக்கும் இடமாயின.

கிள்ளானின் தொன்மைக்குச் சாட்சி, ஏட்டில் எழுதப்பட்டதைவிட உலோகத்தில் வார்க்கப்பட்டதே தெளிவானது. 1905-இல் கிள்ளானில் கிடைத்த வெண்கல மணி ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையுடையது, உடலெங்கும் சுருள் கோலம் பூண்டது. வடவியட்நாமின் டோங்சோன் பண்பாட்டோடு தொடர்புடைய வெண்கல முரசின் பகுதியும் கிள்ளானில் அகப்பட்டது. தெற்கே லங்காட் பக்கத்தில் கம்போங் சுங்கை லாங் என்னுமிடத்தில் 1964-இல் ஒரு மண்மேட்டிலிருந்து அத்தகைய முரசுகள் இரண்டு வெளிப்பட்டன. அவற்றைப் படகுப் பலகையின் மேல் வைத்துப் புதைத்திருந்தார்கள். வெண்கலம் செய்யச் செம்போடு ஈயமும் வேண்டும். தொலைதூரத்து வார்ப்பு வேலைப்பாடுகள் இந்த ஈய நாட்டின் ஆற்றுமுகங்களில் வந்து தங்கியது தற்செயலாக இராது என்ற அனுமானத்தைப் பலர் கொண்டிருக்கின்றனர். நானும் அதைத் தள்ளுவதற்குக் காரணம் காணவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் எழுத்துக்களில் அடிக்கடி காணப்படும் ஓர் ஆர்வமிகுதியைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. சோழர் கடாரம் கொண்டனர் என்ற பெருமையைத் தாம் வாழும் ஊருக்கும் உரியதாக்க விரும்பி, ஒலி ஒற்றுமை ஒன்றையே பிடித்துக்கொண்டு, பட்டினப்பாலையின் காழகத்தையும் மெய்க்கீர்த்தியின் ஊர்ப்பெயர்களையும் கிள்ளானோடு முடிச்சுப் போடுவோர் உளர். காழகமும் கடாரமும் வடக்கேயுள்ள கெடாவைக் குறிப்பன என்பதே அறிஞர் பலரின் துணிபு. முதலாம் இராசேந்திரன் 1025-ஐ ஒட்டி அனுப்பிய படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு ஸ்ரீவிசயம் முதல் கடாரம் வரை வரிசையாகப் பல இடங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஐயமின்றிக் கிள்ளான் என்று கொள்ளத்தக்கது ஒன்றுமில்லை. கிள்ளானுக்கு அது குறையுமன்று. இரவல் பட்டம் வேண்டாத அளவுக்கு அதற்குச் சொந்தச் சரித்திரம் உண்டு.

அந்தச் சரித்திரத்தில் பெயர் தெளிவாகப் பதியத் தொடங்குவது பதினான்காம் நூற்றாண்டில். 1365-இல் ஜாவாவில் இயற்றப்பட்ட நாகரகிருதாகமம் என்னும் காவியம், மஜபாகித் பேரரசின் சார்பு நாடுகளுள் கெலாங்கையும் எண்ணுகிறது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹோவின் கடற்படையினர் கையாண்ட கடல்வழிப் படம், பிற்காலச் சீனப் படைநூல் ஒன்றில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதிலும் கிள்ளான் துறை இடம்பெறுகிறது. மலாக்கா சுல்தானகம் எழுந்தபின் கிள்ளான் அதன் ஆட்சிக்குட்பட்டது. சுல்தான் முசபர் ஷாவின் காலத்தில் சயாமியப் படை மலாக்காவைத் தாக்கவந்தபோது, கிள்ளானின் தலைவராயிருந்த துன் பேராக் தம் ஆட்களை அழைத்துக்கொண்டு சென்றதை மலாய் வரலாற்று நூலாகிய ‘செஜாரா மெலாயு’ சுவைபட விவரிக்கிறது. மற்ற ஊரார் ஆண்களை மட்டும் அனுப்ப, துன் பேராக்கோ மனைவி மக்களோடு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிள்ளான் மக்கள் இதனைச் சுல்தானிடம் முறையிட்டனர். காரணம் கேட்கப்பட்டபோது, பெண்டு பிள்ளைகள் அருகிலிருந்தால்தான் இவர்கள் மனமொப்பிப் போர் புரிவார்கள், அரசருக்காக அரைமனத்தோடு போரிடுவோரும் குடும்பத்துக்காக முழுமனத்தோடு போரிடுவர் என்ற கருத்தில் விடை சொன்னாராம். சுல்தான் அந்த அறிவை மெச்சி அவரை மலாக்காவிலேயே இருத்திக்கொண்டார். பின்னாளில் அவரே பண்டஹாரா என்னும் முதலமைச்சர் பதவியேற்று, மலாக்காவின் மிகச் சிறந்த அமைச்சர் என்று போற்றப்பட்டார்.

மலாக்கா 1511-இல் போர்த்துகீசியர் வசமானதும், பின்னர் டச்சுக்காரரிடம் சென்றதும், 1766-இல் பூகிஸ் வம்சத்து ராஜா லுமு சுல்தான் சலேஹுதீன் என்னும் பெயரோடு சிலாங்கூரின் அரியணை ஏறியதும் பலரும் அறிந்தவை. கிள்ளான் ஆற்றின் போக்கை மாற்றியது 1857-ஆம் ஆண்டு. லூக்குட்டின் தலைவர் ராஜா ஜுமாட்டும் அவர் சகோதரர் ராஜா அப்துல்லாவும், மலாக்காவின் சீன வணிகர் இருவரிடம் 30,000 டாலர் கடன் வாங்கி, 87 சீனச் சுரங்கத் தொழிலாளரைப் படகுகளில் ஏற்றி ஆற்றின் மேலே அனுப்பினர். கோம்பாக் ஆறு சேரும் முனையோடு படகு செல்லக்கூடிய நீர் முடிந்தது. அங்கே இறங்கி, காட்டைக் கடந்து அம்பாங்கை அடைந்து மண்ணைத் தோண்டினர். ஒரு மாதம் கழிவதற்குள் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்தவர் 18 பேர் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. ராஜா அப்துல்லா மேலும் 150 பேரை அனுப்பினார். இரண்டாண்டுகளில் ஈயம் கீழே இறங்கத் தொடங்கிற்று. படகிலிருந்து சாமான் இறக்கிய அந்தச் சேற்று முனைதான் கோலாலம்பூர். நாட்டின் தலைநகரம் ஓர் ஆற்றுத்துறையின் மேற்படியாகப் பிறந்தது என்பதை அங்கே வாழ்கிறவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

மேலே ஈயம் விளைந்தால் கீழே வரி விளையும். ஆற்றின் வாயில் உட்கார்ந்திருப்பவன் அரிசியும் அபினியும் மேலே போகும்போது ஒரு முறையும், ஈயம் இறங்கும்போது மறுமுறையும் சுங்கம் வாங்கலாம். 1866-இல் ராஜா அப்துல்லா கிள்ளானில் வரி வசூலிக்கும் உரிமையை சிங்கப்பூர் வணிகர்களான வில்லியம் ரீட், தான் கிம் செங் இருவருக்கும் குத்தகைக்கு விட்டார். கிள்ளானின் முந்தைய தலைவரின் மகனான ராஜா மஹ்டி வரி செலுத்த மறுத்து, 1867-இல் கோட்டையைக் கைப்பற்றினார். 1874 வரை நீடித்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரின் வித்து இதுவே. கெடாவின் துங்கு கூடின், கோலாலம்பூரின் யாப் ஆ லோய், பகாங் படை என்று பலர் இதில் இறங்கினர். ஆனால் யார் எந்தப் பக்கம் நின்றாலும், சண்டை ஆற்றின் வாயைப் பற்றியதாகவே இருந்தது. முடிவில் ஆங்கிலேயர் உள்ளே வந்தனர். 1875-இல் டேவிட்சன் முதல் ஆங்கிலேய ரெசிடெண்டாகக் கிள்ளானில் அமர்ந்தார். அவருடன் வந்து கருவூலத்தில் பணிபுரிந்தவர்களுள் ஒருவரே, பிற்காலத்தில் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் பெயர் இணைந்த தம்புசாமிப் பிள்ளை.

1880-இல் தலைமையிடம் கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. கிள்ளானுக்கு அது முதல் இழப்பு. ஆறோ மேல்நோக்கிப் படகு தள்ளுவோருக்குப் பல நாள் வேலையாயிருந்தது. நீராவிப் படகில் டாமன்சாரா வரை சென்று, பின் வண்டிப் பாதையில் ஏறவேண்டும். 1881-இல் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிந்தது. மரமும் அத்தாப்பு என்னும் ஓலைக் கூரையும் கொண்டு கட்டியவை எஞ்சவில்லை. 1882-இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டவேண்டும் என்று கட்டளையிட, தெற்கே களிமண் நிலத்தில் யாப் ஆ லோயின் சூளைகள் எரிந்தன. அதுவே பிரிக்பீல்ட்ஸ். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890-இல் கன்னாட் பாலம் முடிந்து, ரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. ரயிலின் பட்டறைகளும் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தன. தண்டவாளத்தில் கல் பரப்பியவன் தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துத் தமிழன். பயணச்சீட்டுக் கொடுத்தவனும் கணக்கெழுதியவனும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழன். இருவரும் ஒரே மொழி பேசினர் என்றாலும் ஒரே வரிசை வீடுகளில் வாழவில்லை, கோயில்களும் வேறுபட்டன. இந்த வேற்றுமையைச் சொல்லாமல் பிரிக்பீல்ட்ஸின் ஒற்றுமையை மட்டும் பாடுவது சரித்திரம் ஆகாது.

ரயில் வந்தபின் ஆறு வெறும் சுமைவழியன்று, தடையாகவும் தெரியத் தொடங்கியது. வளைந்து வளைந்து செல்லும் குறுகிய பாதையில் பெரிய நீராவிக் கப்பல் நுழைய முடியாது; நுழைந்தாலும் திரும்ப இடமில்லை. மேலே சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் ஆற்றின் படுகையை உயர்த்திக்கொண்டே வந்தது. 1899-இல் தண்டவாளம் ஆற்றின் வாய்வரை நீட்டப்பட்டது. 1901 செப்டம்பர் 15-இல் அங்கே புதிய துறைமுகம் திறக்கப்பட்டு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயரும் பெற்றது. கிள்ளான் நகரின் பழைய படித்துறையில் தொங்கான் எனப்படும் சரக்குப் படகுகள் மட்டும் மிஞ்சின.

திறந்த சில வாரங்களிலேயே துறைமுகம் நோயாளிகளின் கூடாரம் ஆயிற்று. கப்பலில் வேலை செய்தவர், ரயில் ஊழியர், உத்தியோகஸ்தர் என்று பலரும் மலேரியாவில் விழ, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற யோசனை எழுந்தது. அதே ஆண்டு ஜனவரியில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன் என்பவர், ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த கொசுவின் உண்மையை ஏட்டோடு விட்டுவிடாமல் மண்ணில் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்தார். கண்டல் சதுப்பை வெட்டித் திருத்தி, வாய்க்கால் தோண்டி, ஓதநீர் புகாதபடி அணைகட்டி, பள்ளங்களை மேடாக்கினர். அடுத்த ஆண்டே காய்ச்சல் பெருமளவு தணிந்தது, துறைமுகம் பிழைத்தது. வெப்ப நாடுகளில் இவ்வகை முயற்சி பெற்ற முதல் வெற்றிகளுள் ஒன்றாக ராஸும் பிறரும் இதனை எடுத்துக்காட்டினர்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எளிதாயிருக்கும். காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் போகும் என்ற பாடத்தை மலைப்பாங்கான ரப்பர்த் தோட்டங்களில் கொண்டுபோய்க் கையாண்டபோது, காய்ச்சல் தணியாமல் கொழுந்துவிட்டெரிந்தது. வாட்சன் இதனைத் தோட்டம் தோட்டமாக ஆராய்ந்தார். கரைச்சமவெளியின் நிழல் படர்ந்த சதுப்பில் ஒருவகைக் கொசு. மலையடிவாரத்தின் தெளிந்த ஓடையில், அதுவும் மரம் வெட்டப்பட்டு வெயில் படும் ஓடையில், வேறொரு வகைக் கொசு. ஆகவே சமவெளியில் மருந்தான அதே கோடரி, மலையில் விஷமாயிற்று. மலையில் ஓடையைப் பூமிக்கடியில் குழாய் வழியே செலுத்தவேண்டும் என்று அவர் கண்டறிந்தார். 1911-இல் அவர் வெளியிட்ட மலேரியா தடுப்பு நூலின் பெரும்பகுதி இந்த அனுபவமே. அதற்குள் அந்த மலைத் தோட்டங்களின் லயங்களில் மடிந்த தமிழருக்குப் பெயர்ப்பட்டியல் யாரும் எழுதி வைக்கவில்லை.

அவர்கள் வந்திறங்கிய துறையும் பெரும்பாலும் இதுவே. ரப்பருக்கு விலை ஏறிய ஆண்டுகளில் கங்காணிகள் ஊரூராகச் சென்று ஆள் சேர்த்தனர். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பற்கூலி செலுத்தப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கைத் தொட்டு, சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, தொற்றுநோய் முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகு புக்கிட் ராஜாவுக்கோ கேரித் தீவுக்கோ லாரியிலோ படகிலோ ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்தச் சமவெளியெங்கும் இருக்கின்றனர். 1926-இல் கட்டப்பட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு இவ்வழியில் ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால், கிள்ளான் முதியோர் முகம் மலர்வதைக் காணலாம். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, கட்டுச்சோறும் ஊறுகாயுமாகக் கடலைக் கடந்த வகுப்பினரே அதன் பயணிகளுள் பெரும்பாலோர்.

தோட்டத்து வாழ்வு எத்தகையது என்பதற்கு 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் ஒன்று போதும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முதலியோர் ஊக்க, சீனத் தொழிலாளிக்கு ஒத்த கூலி, கள்ளுக்கடை மூடல் முதலியவற்றோடு, வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தின் நீக்கமும் கேட்கப்பட்டது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட, வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, படையை வரவழைத்து அடக்கினர். தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். கூலிக் கணக்கோடு சைக்கிளும் அந்தக் கோரிக்கைத் தாளில் ஏறியதை நான் சிறிதாகக் கருதவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். அதுவரை ரயில்வேயின் கையில் இருந்த துறைமுகத்திற்கு 1963-இல் தனி வாரியம் ஏற்பட்டது. 1972-இல் சுவெட்டன்ஹாம் பெயர் நீங்கி, கிள்ளான் துறைமுகம் என்னும் பெயர் வந்தது. 1973-இல் வடக்கே கொள்கலக் கப்பல்களுக்கான புதுத்துறை திறக்கப்பட, 1901-இன் துறை தென்துறையாகச் சுருங்கிற்று. 1990-களில் லுமுட் தீவின் கண்டல் கரையில் மேற்குத்துறை எழுந்தது. தீவும் இண்டா என்று பெயர் மாறியது. கொள்கலங்களைக் கையாள்வதில் உலகின் பெருந்துறைகளுள் ஒன்றாகிவிட்ட இது, 2023-இல் இருபதடி அளவின்படி 1 கோடியே 40 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கொள்கலங்களைக் கையாண்டது.

ஆறு மட்டும் தன் பழைய பாத்தியதையை முற்றும் விட்டுவிடவில்லை. 2021 டிசம்பர் பெருமழையில், கோலாலம்பூரின் நீரையெல்லாம் சுமந்துவந்த கிள்ளான் ஆறு, ஏறிக்கொண்டிருந்த ஓதநீரை எதிர்கொண்டபோது, ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற தாழ்ந்த குடியிருப்புகள் நாள்கணக்கில் மூழ்கிக்கிடந்தன. மரக்கலங்களை ஏற்றிவிட்ட அதே நான்கு மீட்டர் ஏற்றவற்றம்தான் இந்த வெள்ளத்தை வடியவிடாமல் தடுத்தது. கப்பலின் ஆழம் பெருகும்தோறும் துறையும் மேலும் தெற்கே, மேலும் வெளியே செல்லவேண்டியிருக்கிறது. 2017-இல் மூன்றாவது துறைமுகம் ஒன்றைக் கேரித் தீவில் அமைக்கும் யோசனை பேசப்பட்டது. அந்தத் தீவோ பழங்குடிகளான மா மேரி மக்களின் உறைவிடம், தமிழர் ரப்பரும் செம்பனையும் வளர்த்த தோட்ட நிலம். அது எழுமாயின், லங்காட் ஆற்றின் முகம் கிள்ளான் துறையின் அடுத்த படியாகும்.